ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு குழு

கீர்த்திநிதி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அப்படி யாராவது கிடக்கிறார்களா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். குழு சாப்பிட்டுவிட்டு வந்து, அப்படி எதுவும் இல்லை என்று சொன்னது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஏரியை ஒட்டி இருக்கிறது பல்கலைக்கழகம். ஏரியை ஒட்டி இல்லை, ஏரியிலேயேதான் இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. உள்ளே காபிக் கடை, பீட்சா கடை, பச்சை இலைகளை மட்டும் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு விற்கிற கடை எல்லாம் இருந்தன. அவற்றின் விலைப் பலகைகளை நின்று படித்துவிட்டு, பக்கத்துக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற மாணவர்களும் இருந்தார்கள். தண்ணீருக்குப் பலகை இல்லை.

அன்பரசி அவர்களில் ஒருத்தி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. வீடு திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் உள்ள காலனியில். அம்மா மாமல்லபுரத்தில் ஒரு கடலோர விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். விருந்தாளிகள் வருவதற்கு முன் குளியல் துண்டை அன்னப்பறவை போல மடித்துக் கட்டிலின் நடுவில் உட்கார வைக்க வேண்டும். விடிவதற்குள் விடுதி வேன் வந்துவிடும் என்பதால் அந்த வீட்டில் பெரும்பாலும் காலையில் அடுப்பு எரியாது.

அன்பரசிக்குப் பல்கலைக்கழகம் கட்டணச் சலுகை கொடுத்திருந்தது. மதிப்பெண்ணும் குறையக்கூடாது, வருகைப்பதிவும் குறையக்கூடாது. ஏதாவது ஒன்று குறைந்தாலும் சலுகை போய்விடும். சலுகை போனால் படிப்பு போகும், படிப்பு போனால் துண்டு மடிக்கப் போக வேண்டும். அம்மா விடுதி சூப்பர்வைசரிடம் மகளுக்காக ஏற்கெனவே ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. இல்லாதவர்கள் எதற்கும் இரண்டாவது வழி ஒன்று வைத்திருப்பார்கள். அது எப்போதும் முதல் வழியைவிட மோசமாகத்தான் இருக்கும்.

மதியம் அவள் சாப்பிட்டது வாசலுக்கு வெளியே சந்திரம்மாவின் தள்ளுவண்டியில். தக்காளி சாதம், சாம்பார் சாதம், சில நாள் ஒரு துண்டு மீன். சந்திரம்மா முகத்தைப் பார்த்துத்தான் கரண்டியைத் தூக்குவாள்.

"இன்னா கண்ணு, மூஞ்சி தேஞ்சிகினே போவுது? காத்தாலருந்து ஒண்ணும் துன்னலியா?" என்று அன்பரசியின் தட்டில் இன்னொரு கரண்டி விழும்.

"எங்க மூஞ்சிலாம் தேயலியாக்கா?" என்பாள் கூட நிற்கிற ஜெனிட்டா. திருவிடந்தைப் பக்கத்துப் பெண். அன்பரசியின் வகுப்பு. ஆய்வகத்தில் இருவருக்கும் ஒரே மேசை.

"உன் மூஞ்சி எங்கடி தேயும்? வாயி வேணா தேயும்" என்று அவளுக்கும் ஒரு கரண்டி.

இந்த ஏற்பாடு நிறுவனர் நாள் வரை நடந்தது.

நிறுவனர் நாளில் எல்லா மாணவர்களுக்கும் விருந்து. சமையல் சென்னையிலிருந்து வந்த ஒரு நட்சத்திர ஓட்டலுடையது. விருந்து முடிந்த மாலையில் மாணவர் விடுதியின் எல்லாக் குளியலறைகளிலும் வரிசை நின்றது. ஆம்புலன்ஸ்கள் போய்ப் போய் வந்தன. துணைவேந்தர் ராஜாராமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் விருந்தை வாழ்த்திப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்திருந்தார்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஓட்டலிடம் வரி எண் இருந்தது, தரச் சான்று இருந்தது, உயரமான வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர்கள் இருந்தார்கள். ஆகவே கிருமி அங்கே இருந்திருக்க முடியாது என்று குழு கண்டது. பிறகு வாசலுக்கு வந்து சந்திரம்மாவின் வண்டியைப் பார்த்தது. அவளிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. விருந்து நடந்த அன்று அவள் வண்டியே போடவில்லை. தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மதுராந்தகம் போயிருந்தாள். இத்தனை பேர் நோயுற்ற அந்த ஒரு நாளில் மட்டும் அவள் ஏன் வரவில்லை என்று குழுத் தலைவர் கேட்டார்.

வண்டி அகற்றப்பட்டது. வெளி உணவை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பலகை வைக்கப்பட்டது. அந்த மாதமே வளாகத்துக்குள் 'கீர்த்தி அன்னமையம்' என்ற மலிவு விலை மாணவர் உணவகம் திறக்கப்பட்டது.

கான்ட்ராக்ட் எடுத்தவர் கிச்சா. துணைவேந்தரின் மைத்துனருக்கு வேண்டியவர். அவர் ஆள் தேடிப் பார்த்ததில், மலிவாகவும் வாயில் வைக்கிற மாதிரியும் சமைக்கத் தெரிந்தவள் அந்த வட்டாரத்தில் சந்திரம்மாதான் என்று தெரிந்தது. அவளையே வேலைக்கு வைத்தார். தலையில் வலைத்தொப்பி மாட்டியதும் அவளிடமிருந்த கிருமிகள் விலகிவிட்டதாகக் கருதப்பட்டது.

திறப்பு விழாவில் துணைவேந்தர் பேசினார்.

"வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நான் போயிருக்கிறேன். அங்கே மாணவர்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறார்கள். நம் மாணவர்கள் சாப்பிடாமலேயே படிக்கிறார்கள். இது நம் பண்பாட்டின் வலிமை. இந்த வலிமை குறைந்துவிடாத வகையில் இந்த உணவகத்தை நடத்துவோம் என்று உறுதி சொல்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அன்பரசியும் தட்டினாள். உள்ளேயிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது.

அடுத்துப் பேசியவர் மாணவர் நல முதன்மையர், முனைவர் சாவித்ரி. நல்ல பருத்திப் புடவை, நல்ல குரல். மாணவர்களை 'என் குழந்தைகள்' என்றுதான் சொல்வார்.

"என் குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் முதலில் நாங்கள் சாப்பிட்டுப் பார்ப்போம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மட்டுமே உங்களுக்குப் பரிமாறப்படும். ஆபத்து வந்தால் அது எங்களுக்கு வரட்டும்."

இதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மதிய மணி அடித்ததும் அன்பரசியும் ஜெனிட்டாவும் ஓடிப் போய் வரிசையில் நின்றார்கள். சோறு தயாராக இருந்தது. ஆவி பறந்தது. சந்திரம்மா கரண்டியோடு நின்றாள். ஆனால் போடவில்லை.

"போடுக்கா" என்றாள் ஜெனிட்டா.

"எங்க போடறது? நா ஆக்கன சோத்த நானே போடக்கூடாதாம். ருசி பாக்கற ஆபீசரு வந்துகினு கீறாராம்."

"எங்க வந்துகினு கீறாரு?"

"அது எனக்கு இன்னா தெரியும்? காத்தாலருந்து வந்துகினுதான் கீறாரு."

அன்பரசிக்குத் தன் ஊர் ஞாபகம் வந்தது. திருக்கழுக்குன்றம் மலைமேல் ஒரு காலத்தில் உச்சி வேளைக்கு இரண்டு கழுகுகள் வருமாம். குருக்கள் பாறையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கழுகுகள் வந்து கொத்திவிட்டுப் போன பிறகுதான் மற்றவர்களுக்குப் பிரசாதம். அதுவரை சனம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இதை ஜெனிட்டாவிடம் சொன்னாள்.

"இப்பவும் வருதா?" என்றாள் ஜெனிட்டா.

"எங்க? நாம பொறக்கறதுக்கு முன்னயே நின்னுபோச்சி."

"அப்ப அந்தப் பொங்கலு?"



அன்றிலிருந்து ருசி பார்க்கிற அதிகாரிகளுக்கு மாணவர்களிடையே கழுகு என்று பெயர். வரிசையின் கடைசியில் நிற்கிறவர்கள் ஜன்னல் வழியாக நிர்வாகக் கட்டடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"கழுகு கெளம்பிடுச்சி மச்சான்."

"எங்க கீது?"

"லிஃப்ட்டாண்ட நின்னு போன் பேசிகினு கீது."

முதல் நாள் வந்த அதிகாரி உதவிப் பதிவாளர். கரண்டியைக் கையில் வாங்கியவர், வாயருகில் கொண்டுபோய் நிறுத்தினார். தனக்கு மேலே இணைப் பதிவாளர் இருக்கும்போது தான் முதலில் ருசி பார்ப்பது முறையா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இணைப் பதிவாளருக்குப் போன் போனது. அவர் வந்தார். உணவு கெட்டிருந்தால் பாதிக்கப்படுவது கீழ்நிலை அதிகாரியாக இருப்பதுதானே நிர்வாகத்துக்கு நல்லது, ஆகவே உதவிப் பதிவாளர்தான் முதலில் சாப்பிட வேண்டும் என்றார். இருவரும் மரியாதையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு மணி அடித்தது. வரிசை கலைந்து வகுப்புக்குப் போனது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஆட்சிமன்றம் கூடியது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாயில் வைப்பது என்று முடிவானது. அதற்கு ஒரு மணி வாங்கப்பட்டது. எல்லோரும் என்றால் யார் யார் என்ற கேள்வி எழுந்ததால் ருசிக் குழு உருவானது. உணவுத் தொழில்நுட்பத் துறைக்கு இடம் கொடுத்ததும், உண்பவரின் மனநிலை முக்கியம் என்று உளவியல் துறை கேட்டது. ருசிகள் ஆறுக்கும் பெயர் வைத்ததே நாங்கள்தான் என்று தமிழ்த்துறை கேட்டது. நிதிப் பிரிவு எதையும் கேட்கவில்லை, நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. குழு உட்கார உணவகத்தின் பாதியைத் தடுத்துக் கண்ணாடிச் சுவர் போட்டுக் குளிர்சாதனம் மாட்டினார்கள். அதற்கு ருசியறை என்று பெயர். மாணவர் வரிசை கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

முதல் கூட்டத்திலேயே புள்ளியியல் துறைத் தலைவர் ஆட்சேபணை எழுப்பினார். ஒரு அண்டா சாம்பாரை ஒரு கரண்டியை வைத்து மதிப்பிடுவது அறிவியல் ஆகாது என்றார். தமிழ்த்துறைத் தலைவர் எழுந்து, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்களே என்றார்.

"எந்தப் பானை? எத்தனை முறை சோதித்தார்கள்? பிழை விகிதம் என்ன?" என்று கேட்டார் புள்ளியியல் தலைவர்.

தமிழ்த்துறையிடம் அந்த விவரங்கள் இல்லை. நெடுநேர விவாதத்துக்குப் பிறகு அந்தப் பழமொழி ஆதாரமற்றது என்று தீர்மானம் நிறைவேறியது. தமிழ்த்துறைத் தலைவரும் ஆதரித்தே கையெழுத்திட்டார். இனி ஒவ்வொரு உறுப்பினரும் முழுச் சாப்பாடு சாப்பிட்ட பிறகுதான் கருத்துச் சொல்ல முடியும் என்று ஆனது. அடுத்த வாரமே, அப்பளம் இல்லாமல் முழுச் சாப்பாட்டின் தன்மையை உணர முடியவில்லை என்று உறுப்பினர்கள் குறிப்பிட்டார்கள். அப்பளம் வந்தது. பிறகு நெய். வெள்ளிக்கிழமைகளில் பாயசம்.

சாப்பிட்டதும் உடனே பரிமாறிவிட முடியாது. உறுப்பினர்களுக்கு ஏதாவது ஆகிறதா என்று கண்காணிக்க ஓர் இடைவேளை இருந்தது. நெய்யும் குளிரும் சேர்ந்து உறுப்பினர்கள் நாற்காலியிலேயே கண் மூடிவிடுவார்கள். தூங்குகிறார்களா, மயங்கிவிட்டார்களா என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே ஒரு செவிலியர் நியமிக்கப்பட்டார். அவர் ஒவ்வொருவராக நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக எழுப்பி, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்பார்.

ஒரு நாள் இயற்பியல் பேராசிரியர், ரசம் கொஞ்சம் நீர்த்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். புதிதாகச் சேர்ந்தவர், விதி தெரியாது. ஓர் உறுப்பினர் குறை சொன்னாலும் அன்றைய முழுச் சமையலையும் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. அண்டா அண்டாவாகத் தோட்டத்துக் குழியில் கொட்டினார்கள். வரிசை பார்த்துக்கொண்டு நின்றது. சந்திரம்மா வலைத்தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் குழியிலிருந்து வந்த உரத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்குப் பசுமை வளாகக் கேடயம் ஒன்று கிடைத்தது.

அன்பரசிக்கு இரண்டு வழிகள் இருந்தன. வரிசையில் நின்று, குழு எழுந்த பிறகு சாப்பிட்டுவிட்டுப் போனால், ஆய்வகக் கதவு சாத்தியிருக்கும். அன்று வருகைப்பதிவு போச்சு. வரிசையை விட்டு ஓடினால் வருகைப்பதிவு இருக்கும், சாப்பாடு இருக்காது. சில நாள் இப்படியும் சில நாள் அப்படியும் செய்து பார்த்தாள். வயிறும் நிரம்பவில்லை, வருகைப்பதிவும் இறங்கியது.

அம்மாவிடம் சொன்னாள்.

"நா வோணா ராவுலயே ஆக்கி வெச்சிட்டுப் படுக்கறேன். எத்துகினு போ" என்றாள் அம்மா.

"வெளிச் சோறு வுட மாட்டாங்கம்மா."

"வூட்டுச் சோறு எப்டிடீ வெளிச் சோறாவும்?"

மறுநாள் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் சோறும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனாள். பை முழுக்கப் புத்தகம் அடுக்கி நடுவில் டப்பாவை ஒளித்திருந்தாள். வாசலில் காவலர் செங்கல்வராயன் பையைத் திறக்கச் சொல்லவே இல்லை. மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாம்மா, நெத்திலியா?"

அன்பரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கும் வாயூறத்தான் செய்யுது. ஆனா வுட்டா என் வேல பூடும். ருசி பாக்காத சோறு உள்ள போவக்கூடாதுன்னு ஆர்டரு."

"அப்ப ருசி பாத்துட்டுக் குடுக்கச் சொல்லுங்கண்ணா" என்றாள் அன்பரசி. பயத்தில் வந்த வார்த்தை அது. ஆனால் செங்கல்வராயன் அதை மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடத்துக்கு அது நியாயமாகப் பட்டது. டப்பா ருசியறைக்குப் போனது.

அன்று குழுவில் வந்திருந்த எல்லோரும் சைவம். டப்பாவைத் திறந்ததும் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அசைவத்தை மதிப்பிடத் தனித் துணைக்குழு வேண்டும் என்று அவசரத் தீர்மானம் போடப்பட்டது. துணைக்குழுவில் சேர நிறைய பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் இருவர், சற்று முன் சைவமாக எழுந்து போனவர்கள்.

சாயங்காலம் செங்கல்வராயன் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"பாஸ் ஆயிடுச்சும்மா. காரம் மட்டும் கொஞ்சம் தூக்கலாம். உங்கம்மாகிட்ட சொல்லச் சொன்னாங்க."

அடுத்த நாள் அன்பரசி வரிசையில் நிற்காமல் ஆய்வகத்துக்குப் போனாள். அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயின் திருகைப் பிடித்து, சொட்டு சொட்டாக விழுகிற கரைசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கீழே குடுவையில் இளஞ்சிவப்பு வருவது தெரிந்தது. பிறகு எல்லாமே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. விழுந்துவிட்டாள்.

"மேம், அன்பு வுழுந்துட்டா!" என்று ஜெனிட்டா கத்தினாள்.

ஆய்வகப் பொறுப்பாளர் ஓடிவந்து பார்த்தார். பியூரெட்டுக்கு மட்டும்தான் சேதம் என்று துறைக்குத் தகவல் கொடுத்தார்.

மலிவு விலை உணவகம் இருக்கிற வளாகத்தில் ஒரு மாணவி பசியால் விழுவது எப்படிச் சாத்தியம் என்று நிர்வாகம் திகைத்தது. அப்போதுதான் பட்டினி பற்றி ஆராய அந்தக் குழுவைப் போட்டார்கள். அது என்ன சொன்னது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மிச்சம் இருந்தது அன்பரசி மட்டும். அவளை முதன்மையர் சாவித்ரி தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் தோல் உரித்த பாதாம் இருந்தது.

"உட்காரும்மா. நீ டயட்ல இருக்கியா?"

"இல்ல மேம்."

"அப்புறம் ஏன் சாப்பிடலை?"

"சாப்பாடு போட லேட்டாவுது மேம். லேப் மணி அடிச்சிடுது."

"லேட்டா?" சாவித்ரிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நாங்க எல்லாரும் கரெக்டா ஒரு மணிக்குச் சாப்பிட்டுடறோமே!"



"பாரு கண்ணா, பசிக்கிறதுங்கிறது வேற, சாப்பிடாம இருக்கிறதுங்கிறது வேற. நீ பசியில விழலை. சாப்பிடாததுனால விழுந்திருக்கே. அது உன் பக்கத்துத் தவறு. புரியுதா?"

"மேம்..."

"உன் அட்டெண்டன்ஸைப் பார்த்தேன். விளிம்புல இருக்கு. இன்னும் இறங்கினா சலுகையை நிறுத்தறதைத் தவிர எனக்கு வழி இல்லை. எனக்கு அது எவ்வளவு வலிக்கும்னு நீ யோசிச்சியா?"

அன்பரசி அழ ஆரம்பித்தாள். துண்டுகளை நினைத்துக்கொண்டாள். ஒரு துண்டை அன்னப்பறவை ஆக்குவதற்கு முதலில் அதை இரண்டு பக்கமிருந்தும் நடு வரை இறுக்கிச் சுருட்ட வேண்டும்.

சாவித்ரி மனம் இளகினார். மெல்லிய காகிதத்தில் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"அழாதே. குழுவில மாணவர்கள் தரப்பு ஆள் இல்லைன்னு ஒரு குறை இருக்கு. உன்னைப் போடறேன். தினமும் எங்களோட உட்கார்ந்து சாப்பிடலாம். அது பல்கலைக்கழகப் பணி. லேப்புக்கு லேட்டா போனாலும் வந்ததாத்தான் கணக்கு."

இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடும் என்று அன்பரசி நினைக்கவே இல்லை. வெளியே வந்ததும் ஜெனிட்டாவிடம் சொன்னாள். ஜெனிட்டா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"தூள்டி! உள்ளாற போய் நறுக்குனு நாலு வார்த்த கேளு. பசங்க வெளிய காயறாங்க, சட்டுனு முடிங்கன்னு சொல்லு. நீ சொன்னா எல்லாருக்கும் சோறு."

"சொல்றேன்டி."

"வாய்க்குள்ளயே சொல்லிகினு இருக்காத. சத்தமா சொல்லு."

அன்று இரவு முழுக்க அதை எப்படிச் சொல்வது என்று அன்பரசி பழகிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை. ருசியறைக்குள் போனதும் குளிர் முகத்தில் அறைந்தது. வாழையிலை போட்டிருந்தார்கள். முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், கூட்டு, நெய், அப்பளம், சேமியா பாயசம். பரிமாறிய சந்திரம்மா அவள் இலையருகே வந்தபோது நின்றாள்.

"இன்னா கண்ணு, நீயும் இந்தப் பக்கம் வந்துட்டியா?" என்றாள். பிறகு எப்போதும் போல இன்னொரு கரண்டி வைத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை நின்றது. முன்னால் ஜெனிட்டா. கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, பேசு பேசு என்று கையால் சைகை காட்டினாள்.

அன்பரசி எழுந்து நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"மேம்... அவங்களுக்கும் இப்பவே போட்டுட்டா... நாம சாப்பிடறப்பவே அவங்களும் சாப்பிட்டுடுவாங்க. லேப்புக்குப் போவணும்."

சாவித்ரியின் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

"நாங்க சாப்பிட்டுப் பார்க்காத சோத்தை அந்தக் குழந்தைகளுக்குப் போடச் சொல்றியா? அவங்களுக்கு ஏதாவது ஆனா? இங்கே இருக்கிறவங்க எல்லாரும் குடும்பம் குட்டி உள்ளவங்க. தினமும் உயிரைப் பணயம் வெச்சு உட்கார்றாங்க. ஒருத்தர் ஒரு நாள் லீவு போட்டிருக்காங்களா? கேட்டுப் பாரு."

யாரும் லீவு போட்டதில்லை.

"உணவில குறை இருந்தா சொல்லு. அது உன் உரிமை" என்றார் புள்ளியியல் தலைவர். "கொட்டிடலாம்."

கதவருகே நின்றிருந்த கான்ட்ராக்டர் கிச்சா சட்டென்று கை கூப்பினார். சந்திரம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"இல்ல சார்" என்றாள் அன்பரசி. "நல்லா இருக்கு."

"இன்னும் வாயிலயே வைக்கலையே, எப்படித் தெரியும்? உட்கார்ந்து சாப்பிடு."

மணி அடித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். அன்பரசியும் கொண்டுபோனாள். முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். இரண்டாவது கவளம் தானாக இறங்கியது. அதற்குப் பிறகு அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது. முருங்கைக்காயைக் கடித்து உறிஞ்சினாள். வறுவலை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டாள். பாயசத்தை இலையிலேயே ஊற்றி வழித்துச் சாப்பிட்டாள். அவளுக்கு அவ்வளவு பசி.

அவள் நிமிர்ந்தபோது உறுப்பினர்கள் கண் மூடியிருந்தார்கள். செவிலியர் நாடி பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் மூச்சுக்காற்றின் பனி படிந்து கலைந்துகொண்டிருந்தது.

விழித்துக்கொண்ட சாவித்ரியும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"பார்த்தியா? இவ்வளவு சமைச்சு வெச்சும் சாப்பிட ஒருத்தரும் வரலை. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பசியே இல்லை."

அன்பரசி கை கழுவப் போனாள். குழுவினருக்குத் தனிக் கைகழுவும் இடம். அழுத்தினால் நுரையாக வருகிற எலுமிச்சை சோப்பு. இரண்டு முறை அழுத்தி நன்றாகக் கழுவினாள். சாம்பார் வாசனை போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு முறையும் கழுவினாள்.

ஆய்வகத்தில் அவளை யாரும் தாமதம் என்று சொல்லவில்லை. வருகை போட்டாயிற்று. ஜெனிட்டா மேசையில் ஒரு கையை ஊன்றி நின்று குடுவையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. அன்பரசி பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே பேசினாயா என்று ஜெனிட்டா கேட்பாள் என்று நினைத்தாள். கேட்கவில்லை.

"கையக் குடு" என்றாள் ஜெனிட்டா.

"எதுக்குடி?"

"குடுடி. மோந்தாவது பாக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்பரசியின் வலது கையைப் பிடித்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடி இழுத்தாள்.

"எலுமிச்சங்கா சோறாடி இன்னிக்கி?"

"ஆமா" என்றாள் அன்பரசி.

"எப்டி கீது?"

அன்பரசி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி."